பதினைந்தாவது மரம்

1

முசிறிக்கு வடக்கே, துறையூர் போகும் வழியில் உள்ள எங்கள் கிராமத்தில், பெரியண்ணன் மகன் மலாக்கா சீமையில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தான் என்று பேச்சாக இருக்கிறதாம். போன வாரம் வந்த கடிதத்தில் என் தங்கை அஞ்சலை எழுதியிருக்கிறாள். இந்தச் செய்தியைப் பரப்பியவர் பெரியண்ணன்தான், அதாவது எங்கள் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கிணற்றடியில் நாலு பேர் கூடினால் சொல்லத் தெரியும்.

நான் முதலாவதாக வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இந்தப் பத்திரிகையை வாசிப்பார்களேயானால் அதை முதலில் சொல்லிவிடுவது என் கடமை. எத்தனையாவதாக வந்தேன் என்பதில் இன்று வரைக்கும் எனக்கும் பந்தயம் நடத்தியவர்களுக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

அஞ்சலை அவளுடைய சங்கதியையும் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறாள். சந்தைக்குப் போகிறேன் என்பதற்குப் பதில் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே மலாய்க்காரி என்று பேர். அவள் இங்கே மலாக்காவில், தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் கப்பலேறிப் போய்த்தான் முதல்முதலாக இந்தியாவைப் பார்த்தாள். "நம்ம ஊருக்கு வந்துட்டோம்னு அம்மா சொல்லுது. நம்ம ஊரு அங்கதானே அண்ணே இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுத நான் மூன்று தரம் பேனாவை எடுத்துவிட்டேன்.

கடிதம் வந்த அதே வாரம் டவுனிலிருந்து பந்தய நோட்டீசும் வந்தது. சென்ற வருஷம் வந்த அதே நீலக் காகிதம். ஒரு வருஷம் ஆகிவிட்டது.

2

லூபோக் சீனாவுக்கு மேற்கே நாலு மைலில் எங்கள் தோட்டம். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். பார்த்த இடமெல்லாம் அதுதான். நான் அங்கே ஆபீசில் சின்னக் கிராணி, குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். லாந்தரைப் பிடித்துக்கொண்டு நான் பேர் கூப்பிடுவேன். பிறகு அவர்கள் வெட்டுக்கத்தியும் வாளியுமாக மரத்துக்குப் போவார்கள். நான் மேசைக்குப் போவேன். மத்தியானம் ரப்பர் பால் நிறுவை. சாயங்காலம் தபால். மறுநாளும் அதே.

இந்தப் பெரட்டில் ஒரு வருஷத்துக்கு முன்பு வரை 'பெரியண்ணன்' என்று நான் கூப்பிட, 'ஆஜர்' என்று அப்பா சொல்வார். பெற்றவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் உத்தியோகம். முதல் மாதம் அந்தப் பேர் வந்ததும் நான் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன். அப்பாவுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஆபீஸ் முற்றத்தில் என்னை "கிராணி" என்றுதான் அழைப்பார். ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்காரும்போதுதான் "தம்பி" வரும்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன். கெட்டிக்காரன் என்பதால் அல்ல. ஆறு வயதில் இந்தக் கரைக்கு வந்தேன். வந்த மாதமே மலைக்காய்ச்சல் பிடித்தது. விட்டு விட்டு இரண்டு மூன்று வருஷம். வயிறு கட்டி வீங்கி, கை கால் குச்சியாகி, மற்றப் பிள்ளைகள் மரத்தடியில் பால் பிடிக்கும் கொட்டாங்குச்சி கழுவிக் கொடுக்கிற வயதில் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவன் காட்டு வேலைக்கு ஆகமாட்டான் என்று சொல்லிவிட்டார். ஆகாத பிள்ளையை என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் பக்கத்து டிவிஷனில் இருந்தது. அப்பாவின் மரங்கள் அந்த வழியில். பெரட்டு முடிந்ததும் ஒரு தோளில் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பு, மறு தோளில் நான். பனி சொட்டும். என் காலை அவர் ஒரு கையால் பிடித்திருப்பார். பள்ளிக்கூடத்துப் படியில் என்னை இறக்கிவிட்டு, ஒரு சாக்கால் போர்த்தி, "வாத்தியார் வர்ற வரைக்கும் எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் படியில் உட்கார்ந்து, மரங்களுக்கு நடுவில் அவருடைய விளக்கு ஒவ்வொரு மரமாக நின்று நின்று போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் அப்படி. பிறகு எனக்கு உடம்பு தேறி, மலாக்கா டவுனில் ஒரு கடையின் பின்கட்டில் தங்கி இங்கிலீஷ் ஏழாவது வரைக்கும் படித்து, கிராணியாக அதே தோட்டத்துக்கே வந்தேன். ஆனால் அப்பாவின் கணக்கில் எனக்கு உடம்பு தேறவே இல்லை. நான் தும்மினால் அவர் டிரசர் வீட்டுப் பக்கம் பார்ப்பார்.

3

ரப்பர் விலை விழுந்த கதை அங்கே உங்களுக்கும் தெரிந்திருக்கும்; கப்பல் கப்பலாக ஜனங்கள் திரும்பி வந்ததை நாகப்பட்டணத்திலும் சென்னையிலும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கரையில் அது எப்படி இருந்தது என்றால், ஒரு நாள் காலைப் பெரட்டில் களையெடுக்கும் பெண்கள் வரிசையே இல்லை. எங்கள் அம்மா பேரும் அதில் போயிற்று. மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. இஷ்டப்பட்டவர்கள் அரசாங்கச் செலவில் ஊருக்குப் போகலாம், பேர் கொடுங்கள் என்று துரை உத்தரவு போட்டார். பேர் எழுதும் வேலை சின்னக் கிராணிக்கு.

எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பேர் விழுந்துகொண்டு வந்தது. அம்மாவுக்குப் போக ஆசை. அவள் தம்பிக்கு அங்கே கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. கஞ்சியோ கூழோ இருக்கும் என்றாள். அப்பாவுக்கு அந்த வருஷம் விடியற்காலைப் பனி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்கவில்லை. அவர் இன்னும் ஒரு மழைக்காலம் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று டிரசரே என்னிடம் தனியாகச் சொன்னார். அப்படியிருந்தும் அப்பா பேர் கொடுக்கவில்லை.

ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நான் லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா பேசுவது கேட்டது.

"ஊரே பேரு குடுத்தாச்சு. நாம யாருக்குக் காவல் இருக்கோம்?"

"புள்ளய வுட்டுட்டா?"

"அவன் என்ன புள்ளயா? மீசை மொளச்ச கிராணி. நாளைக்கு ஒருத்தியக் கட்டி வச்சா அவ பாத்துக்குவா."

"கட்டுறது அப்பறம். காய்ச்ச வந்து வுழுந்தான்னா யாரு தூக்குவா? இவன் ஓடி நான் பாத்ததில்ல, ஒரு சண்ட போட்டுப் பாத்ததில்ல. இந்தக் காட்டுல இவன ஒத்தையில வுட்டுட்டு அங்க போயி நான் என்னத்தத் திம்பேன்?"

நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, கிணற்றுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். சாப்பிடும்போது அஞ்சலை, இந்தியாவில் ரம்புத்தான் பழம் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது என்றேன். அப்படியானால் தான் வரமாட்டேன் என்றாள்.

அவரைப் போகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இருக்கச் சொல்ல வழி இல்லை. அவர் இருப்பது என் பொருட்டு என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு இருமலும் எனக்கே வந்தது போல் இருந்தது.

4

அந்தச் சமயத்தில்தான் நீலக் காகிதம் வந்தது. மலாக்கா டவுனில் கடலோரத்துப் பாடாங்கில், அதாவது பெரிய மைதானத்தில், தோட்டங்களும் டவுன் ஆபீசுகளான கந்தோர்களும் சேர்ந்து விளையாட்டுப் பந்தயம். அதில் ஒன்று, புதியவர்களுக்கான நூறு கெஜ ஓட்டம். இதற்கு முன் எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்காதவர்கள் மட்டும் ஓடலாம். சனிக்கிழமை பந்தயம். ஊருக்குப் போகிறவர்களின் பேர் ஜாபிதா அதற்கடுத்த திங்கட்கிழமை முடிகிறது.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நோட்டீசைப் படித்துவிட்டு ஃபைலில் செருகப் போனார். நான் பேர் கொடுக்கிறேன் என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு ஓட ஏலுமோ?"

"தெரியாது ஐயா. இனிமேல்தான் பார்க்கணும்."

"அது நல்ல பதில்" என்று சொல்லி, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

ஓடுவதைவிட ஓட அனுமதி வாங்குவது சிரமமாக இருந்தது. பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். என் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. மழை விட்டு, சோளம் அறுத்த சமயம் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு தேதி போட்டிருந்தார், அதையே எழுதினேன். பயிற்சியாளர் பெயர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதக் கூடாது என்று காகிதம் திரும்பி வந்தது. கோடு போட்டு அனுப்பினேன். அடுத்ததாக, நான் இதற்கு முன் எதிலும் ஜெயித்ததில்லை என்பதற்குத் துரையின் அத்தாட்சி மூன்று பிரதி வேண்டுமென்றார்கள். டைப் அடித்துத் துரை முன் வைத்தேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, மூன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். இன்னார் மகன் இன்னார் இந்நாள் வரை எதிலும் ஜெயித்ததில்லை. இங்கிலீஷில் படிக்கும்போது அது ஏதோ பட்டம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"நீங்க வந்து பாருங்கப்பா."

அவருக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது, அவள் எழுந்து எனக்கு இன்னொரு அகப்பைச் சோறு போட்டாள். நான் நன்றாக ஓடினால் அவர்கள் போவார்கள். ஓடவில்லையென்றால் இருப்பார்கள். அப்படி ஒரு பந்தயத்துக்கு யாராவது ஆசையாகப் பழகுவார்களா? நான் பழகினேன்.

5

மூன்று வாரம் இருந்தது. பால் நிறுவை முடிந்து, சாயங்காலத் தபால் கட்டு போன பிறகு, வெளிச்சம் இருக்கும் ஒரு மணி நேரம். ஸ்டோருக்குப் பின்னால் பழைய மரக் காட்டில் மேடு பள்ளமில்லாத ஒரு நிரையை, ஒரு மர வரிசையை, பார்த்து வைத்தேன். எங்கள் தோட்டத்தில் இருபதடிக்கு ஒரு மரம்; பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நூறு கெஜம் என்றால் முந்நூறு அடி. முந்நூறை இருபதால் வகுத்தால் பதினைந்து. ஏழாவது வரைக்கும் படித்தவனுக்கு இது ஒரு கணக்கா? ஒன்று என்று சொல்லி முதல் மரத்தைத் தொட்டேன், பதினைந்து என்று சொல்லித் தொட்ட மரத்தில் என் வெள்ளைத் துண்டைக் கட்டினேன். முதல் மரத்திலிருந்து ஓடி அந்தத் துண்டை அடிக்க வேண்டும். அதுதான் பழக்கம்.

முதல் நாள் ஐந்தாவது மரத்தில் விலா பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கான்வாஸ் சப்பாத்து காய்ந்த இலையில் வழுக்கியது. நாலாம் நாளிலிருந்து வெறுங்கால். வேர் தட்டிக் கட்டைவிரல் கிழிந்தது. மரம் வெட்டுகிறவர்கள் கையை அறுத்துக்கொண்டால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் ஊறும் பாலைத் தொட்டுத் தடவுவார்கள். அது தோல் மாதிரி காய்ந்து காயத்தை மூடிவிடும். நானும் அப்படியே செய்தேன். காலில் ரப்பர் ஒட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருக்க எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது.

துரை பங்களாவிலிருந்து வந்த ஒரு கிழிந்த இங்கிலீஷ் சஞ்சிகையில், ஓட்டக்காரன் தரையில் கையூன்றிக் குந்தியிருக்கும் படம் பார்த்தேன். அதைப் போலவே நானும் குந்தினேன். அந்த வழியாக வந்த ஒரு கிழவர் நின்று, "என்ன கிராணி, எதையாச்சும் தொலச்சிட்டீங்களா?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீருக்கு வரும் பெண்களுக்கு நான் தினசரி வேடிக்கை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

"ஆபீசுல என்னத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு இவரு?"

"புலி கிலி வெரட்டுதா பாருடி."

"புலி வெரட்டுனா இம்புட்டு மெதுவாவா ஓடுவாரு?"

இரண்டாம் வாரம் அந்தப் பேச்சு குறைந்தது. குறைந்ததும் எனக்குத் தெரிந்தது, கால் கொஞ்சம் பழகிவிட்டது என்று. மூச்சு பத்தாவது மரம் வரை தாங்கியது, பிறகு பன்னிரண்டு வரை. ஒரு நாள் நான் துண்டை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது இன்னும் ஓடலாம் போல் இருந்தது. என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. யாரோ இரவல் கொடுத்த சட்டை சரியாகப் பொருந்தின மாதிரி.

அப்பா ஒரு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. கட்டைவிரலை மட்டும் பார்த்தார். "வேரா?" என்றார். ஆமாம் என்றேன். "பாத்து" என்று சொல்லிவிட்டு இருமினார்.

6

சனிக்கிழமை பகல் தோட்டத்து லாரியில் டவுனுக்குப் போனோம். அம்மா, அஞ்சலை, லயத்து ஜனம் ஒரு இருபது பேர். அம்மா அலூமினியத் தூக்கில் புளிச்சோறு கட்டியிருந்தாள். அஞ்சலை வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். அப்பா லாரியின் ஓரத்தில், ஊருக்குப் போகும்போது கட்டவென்று வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாடாங்கின் ஒரு பக்கம் கடல். கொடிகள். நாற்காலிப் பக்கம் துரைமாரும் உத்தியோகஸ்தர்களும். மறுபக்கம் கயிற்றுக்கு வெளியே எங்கள் ஜனம். ஆறு பேர் ஓட்டம். எனக்கு இடப்பக்கம் கடலோரத்துச் செர்காமிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார இளைஞர், வலை இழுத்த தோள். வலப்பக்கம் சுங்கக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு செரானி, அதாவது போர்த்துக்கீசியக் கலப்பு வம்சத்தவர், காலில் முள் வைத்த சப்பாத்து. நான் வெறுங்காலில் நின்றேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு மேல் புல் குளிர்ச்சியாக இருந்தது.

துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். நான் குந்தியிருந்தேன். வெடிச் சத்தத்துக்கு நான் பழகவில்லை. காட்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். பிறகு எழுந்தேன். இங்கே வேர் இல்லை, இலை இல்லை, கால் வைத்த இடத்தில் எல்லாம் நிலம் இருந்தது. அப்படி ஒரு தரையில் நான் ஓடியதே இல்லை. மரம் இல்லாத இடத்தில் என் மனசு மரம் எண்ணியது. ஆறு, ஏழு. ஒருவரைத் தாண்டினேன். ஒன்பது. இன்னும் இருவர். பன்னிரண்டில் செரானியும் பின்னால் போனார். எனக்கு முன்னால் செர்காம் இளைஞர் ஒருவர்தான், அவர் முதுகும் என் பக்கம் நெருங்கிக்கொண்டு வந்தது. பதின்மூன்று, பதினாலு.

பதினைந்தில் நான் கையை நீட்டினேன்.

மூன்று வாரம் மரத்தில் மோதாமல் இருக்கப் பழகிய கால், தானாக நின்றது. நீட்டிய கை காற்றை அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் பந்தயம் முடியும் கயிறு இன்னும் இருபதடி தள்ளி இருக்கிறது. செர்காம் இளைஞர் அதில் பாய்ந்துவிட்டார். என் வலப்பக்கம், முன்பு நான் தாண்டிய வேறொருவர் போனார். ஜனம் நின்ற கயிற்றுப் பக்கமிருந்து, கூட்டத்தின் சத்தத்தை எல்லாம் தாண்டி, எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது:

"ஐயோ, ஏன் நிக்கிறாரு?"

மறுபடி ஓடினேன். செரானியும் நானும் ஒன்றாகப் போய் விழுந்தோம். என் நெஞ்சு முந்தியது என்று எனக்குத் தெரியும்.

விழுந்த இடத்தில் வாந்தி வந்தது. அந்தச் சமயம் அப்பா கயிற்றைத் தூக்கி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள். போலீஸ்காரர் அதட்டியும் காலை எடுக்கவில்லையாம். அது எனக்குத் தெரியாது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மேசையில் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரத் துரை எங்கள் பேர்களை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே நாலு என்று போட்டார்.

இல்லை, மூன்று என்றேன். எழுதியாயிற்று என்றார். எழுதினது தப்பு என்றேன். நான் இதுவரை எந்தத் துரையிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பெரிய கிராணியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குக் கோபத்தில் இங்கிலீஷ் போய்விட்டது. மலாய்தான் வந்தது. "சாயா தீகா, துவான், சாயா தீகா" என்று மூன்று விரலைக் காட்டிக்கொண்டு மேசையைச் சுற்றினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செரானியே வந்து, ஐயா, அவர்தான் முந்தினார் என்று சொன்னார், நல்ல மனுஷர். தொப்பிக்காரர் புஸ்தகத்தை மூடிவிட்டார். மூடிய புஸ்தகத்தின் மேல் நான் கையை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிஷம் வாதாடினேன். ஒன்றும் மாறவில்லை. பதிவில் நான் நாலாவதுதான்.

7

லாரி திரும்பும்போது நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது. ஐந்து விரலுக்கு நாலு இடைவெளி. பதினைந்து மரத்துக்குப் பதினாலு. நான் மரத்தை எண்ணினேனே தவிர, நடுவில் இருக்கும் இடத்தை எண்ணவில்லை. மூன்று வாரமும் இருபதடி குறைவாகவே ஓடியிருக்கிறேன்.

"வெரல்ல என்னடா?" என்றார் அப்பா. சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு தன் விரலை விரித்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தார். லாரியில் இருந்த மற்றவர்களுக்கும் சொன்னார். இருபது வருஷமாக மரத்தோடு வாழ்கிறவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அது அடங்கிய பிறகு அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தொப்பிக்காரன்கிட்ட என்ன சொன்ன?"

"நான் மூணாவதுன்னு சொன்னேன்."

"அவன்?"

"எழுதியாச்சுன்னான்."

"நீ?"

"எழுதினது தப்புன்னு சொன்னேன்."

"அவன் மூஞ்சிக்கு நேராவா?"

"ஆமாப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மஸ்ஜித் தானா என்ற ஊரைத் தாண்டி, தோட்டத்துச் சடக்கு ரோட்டில் லாரி திரும்பியது. வீட்டு வாசலில் இறங்கினதும், தூக்கைக் கழுவப் போன அம்மாவைக் கூப்பிட்டார்.

"பொட்டியக் கட்டு" என்றார்.

அம்மா கையில் தூக்கோடு நின்றாள். இத்தனை நாள் அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். ஆனால் அவள் என்னைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

8

திங்கட்கிழமை ஜாபிதா மேசையில் நான் உட்கார்ந்தேன். கடைசி நாள், வரிசை முற்றத்தைத் தாண்டி நின்றது. அப்பா எல்லோரையும் போல வரிசையில் நின்று வந்தார். பெரிய கிராணி, தான் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பெயர் கேட்டேன். சொன்னார். தகப்பன் பெயர். ஜில்லா, தாலுக்கா, கிராமம். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. உடன் போகிறவர்கள்: மனைவி, மகள் ஒன்று. இந்த நாட்டில் தங்கிவிடும் உறவினர் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்களுக்கு அதை நான் ஒரு வார்த்தையில் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"மகன் ஒண்ணு. ஆபீசு வேல" என்றார். எழுதினேன்.

"உடம்பு நல்லாருக்கான்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

"ஓரத்துல எழுது."

பெரிய கிராணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில், மகன் நல்ல தேக சுகத்துடன் இருக்கிறான் என்று எழுதினேன். அப்பா எழுத்தைப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் பேனா நிற்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலை நீட்டினார். கத்தி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரல். மையை இரண்டு தரம் தடவ வேண்டியிருந்தது. அந்த விரலை நான் என் கையால் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினேன்.

அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி முன்னே வந்தாள். அவளுடைய பேர், ஊர் எல்லாம் எழுதி முடித்து, தங்கிவிடும் உறவினர் என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"மவ ஒண்ணு. லூபோக் சீனாவுல கட்டிக் குடுத்திருக்கு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "பெரியண்ணனுக்கு எழுதுனீங்களே கிராணி, அப்படி எனக்கும் எழுதுங்க. அவ நல்லாத்தான் இருக்கா. போன மாசம் புள்ள பெத்தா."

எழுதினேன். அவளுக்குப் பின்னால் நின்றவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் அந்தப் பக்கத்தின் ஓரம் நிறைந்துவிட்டது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி, கட்டங்களை விட்டுவிட்டு, முதலில் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்.